இருபது பிரதிகள், கொஞ்சம் கருப்பாக

ஜூன் 3

வேலை தேடிப் போன அக்காவுக்கு, வம்பு தேடிப் போகும் தங்கை வாலு எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் போனைத் தவிர. அது அம்மாவின் கடை டிராயருக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. குற்றம்: தலைமை ஆசிரியை குரலில் பேசி நான் அனுப்பிய "நாளை பள்ளி விடுமுறை." ஒரு பிள்ளைகூட வரவில்லை. பாவம், அவரே மணி அடித்து அவரே வரிசையில் நின்றாராம். பரீட்சை முடியும்வரை போன் கிடையாது என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். அம்மாவின் போனில் நான் உன்னோடு பேசினால், அவள் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் வாடகைக்கு விடுகிறாள். அதனால்தான் காகிதம்.

நீ தைரியமாகக் கடை விலாசத்துக்கே எழுது. அடுத்தவர் காகிதத்தை அம்மா படிக்க மாட்டாள். ஜெராக்ஸ் கடை தர்மம் என்று உனக்கும் எனக்கும் அவள் சொல்லித்தந்ததுதானே: "எழுத்தைப் பாக்காதடி, கருப்பைப் பாரு."

இந்த மாதம் கடை முழுக்கப் புதுப் பட்டதாரிகள். ஆளுக்கு ஐந்து பிரதி சுயவிவரம். சுயமும் இல்லை, விவரமும் இல்லை. எல்லாம் ஒரே அச்சு. அம்மா தாளைத் தட்டி அடுக்கிக் கொடுத்து, ஒவ்வொருத்தரிடமும் "கிடைச்சிடும்பா" என்கிறாள். யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏதாவது கிடைத்ததா, இல்லை விடுதிக் கட்டிலில் மூட்டைப்பூச்சி மட்டும்தானா?

உடம்பைப் பார்த்துக்கொள். அதுதான் உன்னிடம் இருக்கும் ஒரே சொத்து.
வாலு

ஜூன் 11

அடி வாலு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. நாற்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு பதில் வந்தது. இரண்டுமே "நன்றி" என்று ஆரம்பித்தது.

இங்கே வேலை தேடுகிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிற ஒருவர் இருக்கிறார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லையாம். ஆளே ஒரு பிராண்டு ஆக வேண்டுமாம். "உன் பெயரைச் சொன்னா என்ன ஞாபகம் வரணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கே ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "உன் கதை என்னம்மா? அடி வாங்கின கதை. விழுந்து எழுந்த கதை. அதை எழுதி நெட்டுல போடு" என்றார். பக்கத்து நாற்காலிப் பெண் தன் அப்பாவின் விபத்தைப் பற்றி எழுதிப் போட்டாள். மூன்று நாளில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

நமக்கு என்னடி கதை இருக்கிறது? உனக்குத்தான் எழுத வரும். எனக்காக ஒரு பத்து வரி எழுதி அனுப்பேன். ஜூலை முடிந்தால் விடுதியைக் காலி செய்து வீட்டுக்கு வர வேண்டியதுதான். வந்து என்ன செய்ய, உன்னோடு கடையில் நின்று தாள் அடுக்கவா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
அக்கா

ஜூன் 17

பிராண்டு ஆகப்போகும் அக்காவுக்கு, சும்மாவே எல்லோரையும் பிராண்டுகிற தங்கையின் வணக்கம்.

உங்கள் கோட்டு சார் பெரிய ஆள். கோட்டை விட்டவர்களை வைத்தே கோட்டை கட்டுகிறார்.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாள் விளையாட்டுக்கு. படித்துச் சிரித்துவிட்டுக் கிழித்துவிடு:

"எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று காலை அம்மா எனக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருந்தாள். மாலையில் அவள் இல்லை. அந்தப் பேனாவால்தான் என் எல்லாப் பரீட்சைகளையும் எழுதினேன். எனக்கென்று யாரும் இல்லை. அவள் சொல்லிப்போன ஒரு சொல்தான் இருக்கிறது: மை தீரும்வரை எழுது. மை தீராத ஒருத்தியை உங்கள் நிறுவனம் தேடுகிறதா?"

எப்படி? ஒரே பேனாவில் பத்து வருஷம் எப்படி எழுதினாய் என்று எவனும் கேட்க மாட்டான், பார்! அப்பாவைத்தான் முதலில் போட நினைத்தேன். ஆனால் அவர் நம்மை விட்டு ஓடிப்போனதை எழுதினால் அது பிராண்டு இல்லை, பிராது.

இரண்டாவது தாள்தான் நிஜம். கரண்ட் போன அன்று ஒரு நர்சிங் மாணவி அழுதுகொண்டு நின்றாளே, நீ அறுபது பக்கத்தை விடிய விடியக் கையால் எழுதிக்கொடுத்தாயே, அது. அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றதையும் சேர்த்திருக்கிறேன். போடுவதென்றால் இதைப் போடு.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக அடிவயிற்றில் வலி. மெஷின்மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறாள். "சூடு ஒத்தடம்டி, நல்லாயிருக்கு" என்கிறாள்.
வாலு

ஜூலை 9

என் தங்க வாலுக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை என்று கோபிக்காதே. எனக்கு வேலை கிடைத்துவிட்டது! மெத்தை தயாரிக்கிற கம்பெனி, விளம்பரப் பிரிவு. எனக்கென்று ஒரு மேஜை, கழுத்தில் அட்டை, கீழே ஒரு காவலாளி வேறு வணக்கம் வைக்கிறார்.

இரண்டாவது தாளையும் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரி மகள் என்று போட்டால் யார் நின்று படிக்கப் போகிறார்கள்? முதல் தாளைப் போட்டேன். ஒரே ராத்திரியில் ஒன்பதாயிரம் பேர். இந்தக் கம்பெனியை நடத்துகிற மேடம் தானே என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் சின்ன வயதிலேயே அம்மா இல்லையாம். நேர்காணலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இனிமே நான்தான் உனக்கு அம்மா" என்றார்.

சேரும்போது படிவத்தில் தாயார் என்ற இடத்தில் "காலமானார்" என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும், சொல்? அவ்வளவுதான்.

எல்லாம் உன்னால்தான். அம்மாவிடம் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்ததாகச் சொல்லிவிடு.
அக்கா

ஜூலை 15

மெத்தப் படித்து மெத்தைக் கம்பெனிக்குப் போன அக்காவுக்கு,

கிழிக்கச் சொன்னதை ஒட்டிவிட்டாயே, மகராசி! அம்மாவைக் கொன்றது நான், அடக்கம் செய்தது நீ. இடம் காலியாவதற்கு முன்பே உன் மேடம் அந்தப் பதவியில் உட்கார்ந்தும்விட்டார். ஒன்பதாயிரம் பேர் என்றதும் ஒரு நிமிஷம் எனக்கும் குஷிதான், பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தன்கூடப் பேனாவைப் பற்றிக் கேட்கவில்லை, பார்த்தாயா?

அப்புறம் அம்மாவைப் பார்த்தேன், குஷி இறங்கிவிட்டது. செய்தி சொன்னதும் அவள் மெஷினை நிறுத்தினாள். வரிசையில் பதினோரு பேர் நிற்கிறார்கள். "என் பெரியவளுக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஓடவிட்டாள். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் முதல் பிரதி இலவசம். ஒருவன் சாமர்த்தியமாக ஆறு தடவை வந்தான்.

இப்போது உன் ஆபீசைப் பார்க்க வர வேண்டுமாம். "உள்ள வர மாட்டேன்டி, வாசல்ல நின்னு அவ மேஜை எந்த ஜன்னல்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

கொலைகாரக் கூட்டாளி,
வாலு

ஆகஸ்ட் 5

வாலுக்கு,

சுகம்தானே? அம்மாவை எப்படியாவது நிறுத்து. வெயில், கூட்டம், பஸ் இல்லை, எதையாவது சொல். வாசலில் நின்றாலும் காவலாளி யார் என்று கேட்பார். அவளும் பெருமையாகச் சொல்லித் தொலைப்பாள்.

இன்னொரு விஷயம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒரு முறை நான் பேச வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். போன வாரம் பேசினேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "அம்மா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் முழித்தேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கடைசி வார்த்தை ஒன்று எழுதி அனுப்பு. சின்னதாக இருக்கட்டும். என்னால் யோசிக்க முடியவில்லை. யோசித்தால் அவள் முகம் வருகிறது.
அக்கா

ஆகஸ்ட் 12

பேச்சாளர் அக்காவுக்கு,

கடைசி வார்த்தை கேட்டாய். பிடி: "நீ மேலே போ மகளே, நான் கீழே இருந்து பார்த்துக்கொள்கிறேன்." செத்தவர்கள்தான் மேலே போவார்கள், இது தலைகீழ். ஆனால் மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதி முடித்ததும் ஏன் எழுதினேன் என்று வந்தது.

ஏனென்றால் நேற்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பையில் கட்டி. பெரிதாகிவிட்டது, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செப்டம்பர் 16 காலையில் ஆபரேஷன். பதினெட்டு வயது தாண்டிய சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மூன்று நாள் கூடவே இருக்க வேண்டும். எனக்குப் பதினாறு. "நான் பாக்கப் பெருசா தெரிவேன் டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தேன். "வாயும் பெருசாத்தான் இருக்கு" என்றார்.

அம்மா உன்னிடம் போனில் சொல்ல மாட்டாள். புது வேலையாம், உனக்குத் தொந்தரவாம். என்னிடம் மட்டும், மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அவ வந்தா போதும்டி, எனக்குப் பயம் போயிடும்" என்றாள். பயம் என்று அவள் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

வந்துவிடு. நகைச்சுவை எல்லாம் அப்புறம்.
வாலு

ஆகஸ்ட் 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை இங்கே லீவு கிடையாது. தாய் தகப்பன் உடம்புக்கு என்றால் மட்டும் தருவார்கள். அந்தப் படிவத்தை எடுத்தே வந்துவிட்டேன். உறவு முறை என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாயார் என்று எழுத முடியாது. சித்தி என்று எழுதலாமா என்று பார்த்தால், எனக்கென்று யாரும் இல்லை என்று நீ எழுதித் தொலைத்திருக்கிறாய். எனக்கே காய்ச்சல் என்றால் மேடம் பழக்கூடையோடு விடுதிக்கு வந்துவிடுவார். போன மாதம் தலைவலிக்கே வந்தார்.

தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி டாக்டரைக் கேட்டுப் பாரேன். டிசம்பர் முடிந்தால் எனக்கு நிரந்தரம் ஆகிவிடும். அப்புறம் யார் என்ன கேட்டாலும் பரவாயில்லை. இத்தனை நாள் தாங்கியவள்தானே.

பக்கத்துக் கடை டெய்லர் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டாரா?
அக்கா

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

டாக்டர் தள்ளிப் போட மாட்டேன் என்றார். டெய்லர் அண்ணன் சொந்தம் இல்லை, ஆணும்கூட. பெண்கள் வார்டில் தங்க விட மாட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே.

திங்கட்கிழமை ஒரு பையன் வந்தான். புதுச் சட்டை, காலரில் அட்டைகூட எடுக்கவில்லை. கையில் ஒரு தாள். "ஆன்ட்டி, எங்க வகுப்புக்கு இதுல இருபது பிரதி வேணும். அப்புறம் இதே மாதிரி எனக்கு ஒண்ணு அடிச்சுத் தருவீங்களா? பேரு மட்டும் என் பேரு." உன் பதிவு. உன் படத்தை வெட்டிவிட்டு எழுத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கீழே உன் பெயர், உன் கம்பெனி. கோட்டு சார் எல்லா ஊரிலும் உள்ள தன் வகுப்புகளுக்கு அனுப்பியிருக்கிறார், மாதிரிக் கதை என்று.

நான் பிடுங்குவதற்குள் அம்மா தாளைக் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். கருப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க முதல் பிரதியை எடுத்தாள். உன் பெயரைப் பார்த்தாள். மேலேயிருந்து படித்தாள். மெதுவாகப் படித்தாள்.

"இந்தப் பொண்ணோட அம்மா எப்போ செத்தாங்கப்பா?"

"இவங்களுக்குப் பன்னெண்டு வயசுல, ஆன்ட்டி."

அம்மா பிரதியை வெளிச்சத்தில் பிடித்தாள். "கொஞ்சம் மங்கலா இருக்கு. இன்னும் கொஞ்சம் கருப்பா போடட்டா?"

"போடுங்க ஆன்ட்டி."

இருபதும் போட்டாள். தட்டி அடுக்கினாள். பிறகு உட்கார்ந்து, அவன் பெயரைக் கேட்டு, அவனுக்கும் ஒன்று அடித்துக்கொடுத்தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "உங்க அம்மா?"

"கீழ வண்டியில உக்காந்திருக்காங்க ஆன்ட்டி. அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க."

"கிடைச்சிடும்பா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

அவன் போனதும் என்னைப் பார்த்தாள். "நீதானே எழுதினது?"

"எப்படிம்மா தெரியும்?"

"அவளுக்கு இவ்வளவு நல்லா எழுத வராது."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். டிராயரைத் திறந்து என் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் இன்னும் அதைத் தொடவில்லை.

பதினாறாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் எழுத மாட்டேன். ஆனால் வா.
வாலு

செப்டம்பர் 12

வாலு,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். அந்தப் பையனிடம் அம்மா ஏதாவது சொன்னாளா? அது என் மகள்தான் என்று? அவன் வகுப்பில் யாருக்காவது தெரியுமா? இதை மட்டும் முதலில் எழுது.

அம்மாவிடம் நான் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் இந்த வாரம் போன் செய்யவில்லை. அவளே புரிந்துகொள்வாள், அவளும் நான் நன்றாக இருக்கத்தானே ஆசைப்பட்டாள்.

இன்னொன்று, கோபப்படாதே. அக்டோபர் 20 கம்பெனி ஆண்டு விழா. நான் பேசும்போது பின்னால் திரையில் அம்மா படம் வர வேண்டும் என்று மேடம் ஆசைப்படுகிறார். கீழே பிறந்த தேதி, இறந்த தேதியோடு. படம் இல்லை என்று சொன்னால் சந்தேகம் வரும். வேறு யார் படத்தையாவது போடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அம்மாவின் பழைய படம் ஒன்று அவளுக்குத் தெரியாமல் எடுத்து அனுப்பு.

டாக்டரிடம் எல்லாம் விசாரித்துக்கொள். சமர்த்தாக இரு.
அக்கா

செப்டம்பர் 22

அக்காவுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையாக.

பையனிடம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நிம்மதியா?

கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? அந்தப் பையனின் அம்மா. அவனுக்கும் வேலை கிடைத்துவிட்டது, அந்தக் கதையை வைத்துத்தான். அதைச் சொல்ல அந்த அம்மா தானே படியேறிக் கடைக்கு வந்தார். "நீங்க அடிச்சுக் குடுத்த தாள் ராசிங்க" என்றார். தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, மகன் காட்டவில்லை. அம்மா மெஷின்மேல் சாய்ந்து நிற்பதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டார். "பெரியவளுக்கு லீவு கிடைக்கலை" என்றாள் அம்மா. "அதுக்கென்னங்க, நான் வரேன்" என்றார். படிவத்தில் "தங்கை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளும் கூடவே இருந்தார், மூத்திரப் பையை மாற்றினார், தலை வாரிவிட்டார்.

மூன்றாம் நாள் நான் வார்டுக்குள் போனபோது, செத்துப்போன இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகளின் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தான் செத்தது தெரியும். இன்னொருத்திக்குத் தெரியாது. அம்மா கடைசிவரை சொல்லவில்லை. "எதுக்குடி, நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியதிலேயே பெரிய ஜோக் இதுதான், நான் எழுதவும் இல்லை.

படம் அனுப்ப மாட்டேன். உன் கடிதத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தாள். "பதில் நான் எழுதிக்கறேன்" என்றாள்.

இனி என்னிடம் எதுவும் எழுதச் சொல்லாதே.
தங்கை

அக்டோபர் 4

பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

தையல் பிரித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் நிற்கிறேன், ஒரு மணி நேரம் உட்காருகிறேன். கடை திறந்தாகிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னவளைக் கோபிக்காதே. அவள் எழுதினாள், நீ போட்டாய், நான் இருபது பிரதி எடுத்தேன். மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது.

படம் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரி அட்டைக்கு எடுத்ததில் முகம் வீங்கியிருக்கிறது, வயதும் தெரிகிறது. உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படித்தானே வேண்டும்? உன் பள்ளி விழாவில் எடுத்தது ஒன்று கிடைத்தது. பக்கத்தில் நீ என்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். உன்னை எடுத்துவிட்டேன். என் தோளில் உன் கை மட்டும் நின்றுவிட்டது. அதை அழிக்கச் சின்னவளுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. இப்போது தெரியாது. கலர் வேண்டாம் என்று கருப்பு வெள்ளையில் போட்டிருக்கிறேன், திரையில் அதுதான் எடுப்பாகத் தெரியும்.

வேலையை விட்டுவிடாதே. இவ்வளவு ஆன பிறகு விட்டால், நான் செத்தது வீண்.

இதோடு இருப்பது மாதிரிப் பிரதிதான். கீழே இடது பக்கம் பிறந்த தேதி அடித்துவிட்டேன், வலது பக்கம் இடம் விட்டிருக்கிறேன். வருஷத்தை நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். மாதமும் நாளும் உங்கள் மேடத்திடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று தெரியவில்லை. அதைப் பார்த்து எழுது. என் பெயரில் பிழை இருந்தாலும் சொல். விழாவுக்கு முன் நல்ல தாளில் போட்டு அனுப்பிவிடுகிறேன். அச்சான பிறகு மாற்ற முடியாது.

அம்மா